அண்டாத் தண்ணீரும் சப்வூஃபரும்

நண்பர் ஒருவர் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஹோம் தியேட்டரைப் புதிதாக வாங்கி, படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். திரையில் குண்டு வெடிக்கிறது. சோபாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கோ பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். ஹாலின் பின்மூலையில் இருக்கிறது சமையலறை வாசல். அங்கே நின்றால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது, அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கின்றன. தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபர் பழுது என்று முடிவுகட்டி, மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் நண்பர். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சோபா கிடந்த இடம்தான் தப்பு.

கல்யாண வீட்டில் அகலமான அண்டாவில் தண்ணீர் பிடித்து ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிப் போயிருந்தால் இது சட்டென்று விளங்கும். நடக்க நடக்கத் தண்ணீர் ஓர் ஓரத்தில் ஏறும், எதிர் ஓரத்தில் இறங்கும், அடுத்த நொடி மாறும். நட்டநடுவில் மட்டும் தண்ணீரின் மட்டம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அங்கே தண்ணீர் இப்படியும் அப்படியும் ஓடுகிறதே தவிர உயரம் மாறுவதில்லை. அடைத்த அறைக்குள் இருக்கும் காற்றும் இப்படித்தான் ததும்புகிறது. சுவரில் காற்று முட்டிக்கொண்டு நிற்பதால் அங்கே அழுத்தம் வெகுவாக ஏறி இறங்கும். நடுவில் காற்று ஓடும், அழுத்தம் மாறாது. நம் காது அறிவது அழுத்த மாற்றத்தை. எனவே நடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த ஒலி இல்லை. பள்ளியில் நிலை அலை, கணு, எதிர்க்கணு என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோமே, அதேதான்.

எல்லா ஒலியும் இப்படித் ததும்புவதில்லை. அறையின் நீளத்துக்குள் பாதி அலை கச்சிதமாக அடங்கும் அதிர்வெண்ணில்தான் முதல் ததும்பல். கணக்கு லேசானது: 565ஐ அறையின் நீளத்தால் வகுத்தால் போதும், நீளம் அடியில். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது, அதில் பாதி இந்த 565. நண்பரின் ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 51, உயரவாக்கில் 57 என்று வருகிறது. இடியும் வெடியும் டிரம்ஸும் குடியிருக்கும் வட்டாரமே இதுதான். சோபா இருந்தது டிவி சுவரிலிருந்து சரியாக 8 அடியில், அகலத்துக்கும் நடுவில். 35, 51 இரண்டும் ஒரே இடத்தில் காணாமல் போயிருந்தன. சமையலறை வாசலோ மூலை. எல்லாத் ததும்பலும் உச்சத்தில் இருப்பது மூலையில்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்று கட்டிய அறையில் இன்னும் மோசம், மூன்று ததும்பலும் 57இல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நம் வீட்டில் கொஞ்சம் உதைக்கும். அங்கே பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டால் பலகை லேசாக வளைந்து கொடுத்து ஒரு பங்கை விழுங்கிவிடும், இன்னொரு பங்கு வெளியே கசிந்துவிடும். நமக்கோ செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எதுவும் வளையாது, வந்த ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். இதற்கு முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீண் வேலை. 35 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 8 அடிக்கு மேல், ஒன்றரை அங்குல அட்டை அதை என்ன செய்யும்? திரைச்சீலையும் தரையில் விரித்த ஜமுக்காளமும் மேல் ஸ்தாயியின் கூச்சலை அடக்கும், அதற்கு நல்லது. அடித்தொண்டை ஒலி அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை.

ஆகவே நகர்த்துவதுதான் வழி, முதலில் சோபாவை. 8 அடியில் 35 ஹெர்ட்ஸ் காணாமல் போகிறது. அதன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸ் 4 அடியிலும் 12 அடியிலும் காணாமல் போகிறது. பின்சுவரை ஒட்டிப் போட்டால் எல்லாம் சேர்ந்து மொத்தமாக மொத்தும். மிஞ்சுவது 10 அடி வாக்கு. சாப்பாட்டு மேசையைப் பின்னுக்குத் தள்ளி அங்கே போட்டோம்.

அடுத்தது சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. அலை 14 அடி நீளம், இரண்டு காதுக்கும் நடுவே அரையடி. டிஎச்எக்ஸ் என்ற திரைப்பட ஒலித் தர முறையில் ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் எல்லைக்கோடு 80இல் போடப்பட்டதற்கு இதுதான் காரணம். அதனால் அந்தப் பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கே வைப்பது? ஒவ்வொரு மூலையாகத் தூக்கி வைத்து, ஓடி வந்து உட்கார்ந்து கேட்டால் இடுப்பு போய்விடும். ஒலிக்கும் பொருளும் கேட்கும் காதும் இடம் மாறினாலும் கேட்கும் அளவு மாறாது என்று இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலே பிரபுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியிருக்கிறார்கள். அந்த விதியை வைத்து ஒரு தந்திரம் செய்யலாம். பெட்டியைச் சோபாவில், நாம் உட்காரும் இடத்தில் ஏற்றிவிட வேண்டும். பேஸ் கிதார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும், காது பெட்டி உயரத்தில் இருக்கும்படி.

தவழ்ந்தோம். நண்பரின் மகள் வீடியோ எடுத்தாள். கேலிக்கூத்துதான், ஆனால் வித்தியாசம் துல்லியமாகக் காதில் விழுந்தது. மூலையில் ஒரே சுருதி மட்டும் ஊதிப் பெருத்து மற்றதை விழுங்கியது. இரண்டடி தள்ளினால் பாதிச் சுருதி காணோம். இடதுபக்க ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன. பெட்டி நிற்க வேண்டிய இடம் அது.

காசு இருந்தால் இரண்டு சப்வூஃபர் வைப்பது இன்னும் நல்லது. சத்தத்தைக் கூட்ட அல்ல. அண்டாவின் ஓர் ஓரத்தை மட்டும் தட்டினால்தானே தண்ணீர் சாய்ந்து ததும்பும்? எதிரெதிர் ஓரங்களை ஒரே நேரத்தில், ஒரே அளவில் தட்டினால் அந்தச் சாய்வே எழாது. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் ஒன்றிலிருந்து பல பெட்டிகள்வரை வெவ்வேறு இடங்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் சுவருக்கொன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வேறுபாடு நன்றாகக் குறைந்தது. நான்குக்கு மேல் வைப்பதில் பெரிய லாபம் தெரியவில்லை.

மற்ற ஸ்பீக்கர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. முன்னால் இருக்கும் இடதும் வலதும் நம் இருக்கையிலிருந்து பார்க்க நேர்கோட்டிலிருந்து 22 முதல் 30 பாகைக்குள் விலகி, மேல் ஸ்தாயிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில். வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அதை ஷோகேஸ் பொந்துக்குள் தள்ளினால் பேச்சு குழறும், தட்டின் விளிம்புவரை இழுத்து வையுங்கள். சுற்றொலிக்கான சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் பக்கவாட்டிலோ சற்றே பின்னாலோ, 90 முதல் 110 பாகைக்குள், காதுக்குக் கொஞ்சம் மேலே. நம் வீடுகளில் இவற்றைக் கூரையை ஒட்டிப் பல்லி மாதிரி ஆணியடித்து விடுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான், ஆனால் மழை பெய்தால் பரணிலிருந்து பெய்யும்.

ஜன்னலுக்குக் கீழே கண்டுபிடித்த அந்த இடத்தில் நண்பரின் அம்மாவுடைய தையல் மெஷின் இருந்தது. நிலை அலை, அண்டாத் தண்ணீர் எல்லாம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிப்பா, ஜன்னல் வெளிச்சம் இல்லாம நான் ஊசியில நூல் எப்படிக் கோக்கிறது?” என்றார். பெட்டி இப்போது மெஷினுக்கு இந்தப் பக்கம், ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. 57 ஹெர்ட்ஸ் கொஞ்சம் பருமனாகத்தான் கேட்கிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் அந்த அதிர்வெண்ணை மட்டும் 3 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறோம்.