ஊசியா மாத்திரையா என்று கேட்பதற்கு முன்னால்

போன மாதம் ஒருவர் தன் செல்போனை என் மேசை மேல் வைத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். இனி ஊசி வேண்டாம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மாத்திரையாகவே வந்துவிட்டது என்று போட்டிருந்தது. "டாக்டர், ஊசி நல்லதா, இது நல்லதா? ஒன்றைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்றார். வயது 34. உடம்பெல்லாம் அசதி, எதிலும் நாட்டமில்லை, அதனால் ஹார்மோன் குறைவுதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். ரத்தப் பரிசோதனை? ஒரே ஒரு தடவை, சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில். குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்லை டாக்டர், ஒரு வருஷமாக முயற்சி செய்கிறோம்."

சரி, அப்படியென்றால் உங்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்டதும்தான், இதுவரை யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சொந்தமாகச் சுரப்பதை விட்டுவிடும், சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஆண்மைக்கு என்று போட்டுக்கொண்ட மருந்தே பிள்ளைப்பேற்றைத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். ஒன்றரை வருஷம் ஊசி போட்டுக்கொண்டு, பூஜ்யம் என்று வந்த விந்தணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்த தம்பதியரை நான் பார்த்திருக்கிறேன். மருந்தை விற்றவர்கள் அந்தக் கணவரிடம் 'குழந்தை வேண்டுமா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

இந்த மருந்து எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 2010-இல் டெஸ்டோஸ்டிரோன் வாங்கியவர்கள் 13 லட்சம் பேர், 2013-இல் 23 லட்சம் பேர். இது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்ன கணக்கு. மூன்றே வருஷத்தில் இத்தனை லட்சம் பேருக்குப் புதிதாக நோய் வந்துவிடாது. வயதாவதால் மட்டும் குறைகிற ஹார்மோனுக்கு இந்த மருந்து பயனுள்ளது, பாதுகாப்பானது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2015-இல் லேபிளிலேயே எழுத வைத்தார்கள்.

தேவைப்படுகிறவர்கள் இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறார்கள். பிட்யூட்டரியில் கட்டி எடுத்தவர்கள், பிறப்பிலேயே கிளைன்ஃபெல்டர் நிலை (எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) உள்ளவர்கள், விரைகளை இழந்தவர்கள். இவர்களுக்கு இது வாழ்க்கையைத் திருப்பித் தருகிற மருந்து. என்னிடம் வரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வைப்பார்: மூன்றாம் நாள் 'நல்ல தெம்பு, கோபமும் கூட', பதினோராம் நாள் 'படுக்கையை விட்டு எழ முடியவில்லை'. எண்ணெயில் கரைத்த இந்த ஊசி அப்படித்தான், இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். மொத்த அளவைக் கூட்டாமல், அதையே பாதியாக்கி வாரா வாரம் போடச் சொன்னேன். அடுத்த முறை நோட்டில் எழுத ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் அவருக்கும் நான் விடாமல் பார்ப்பது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தைக் கெட்டியாக்கும், மற்ற வடிவங்களை விட ஊசியில் இது அதிகம். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் நீண்டகால ஊசி ஒன்றும் உண்டு. அதில் அபூர்வமாக எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம் என்பதால், போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைப்பது அமெரிக்காவில் கட்டாயம்.

மாத்திரைக்கு வருவோம். டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். அதைத் தாக்குப்பிடிக்கச் செய்த பழைய மெத்தில் டெஸ்டோஸ்டிரோன், கல்லீரலையே கெடுத்தது. இன்றும் சில ஜிம்களில் கைமாறும் ஸ்டீராய்டு மாத்திரைகள் அதே குடும்பம்தான், தயவுசெய்து தொடாதீர்கள். இப்போது வந்திருப்பவை டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் கேப்சூல்கள், 2019-இல் ஜடென்ஸோ, 2022-இல் ட்லாண்டோவும் கைஸட்ரெக்ஸும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை குடலிலிருந்து கொழுப்போடு சேர்ந்து நிணநீர் வழியாகப் போவதால் கல்லீரலைத் தவிர்த்துவிடுகின்றன. அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிற பழக்கம் உள்ளவருக்கு இது எவ்வளவு தூரம் சரிப்படும் என்று யோசியுங்கள். ரத்த அழுத்தம் கூடும் என்ற கடும் எச்சரிக்கையும் இவற்றின் லேபிளில் இருக்கிறது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு 'ஊசி வலி இல்லை' என்று மட்டும் சொல்லி இதை விற்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. 2025-இல் ஊசி, தோலில் தடவும் ஜெல் உட்பட எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளுக்கும் ரத்த அழுத்த எச்சரிக்கை வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொன்னது.

'இதயத்துக்கு ஆபத்தில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது' என்பது இப்போது எல்லா விற்பனையாளரும் சொல்வது. அவர்கள் காட்டுவது 2023-இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வு. சுமார் 5,200 பேர், 45 முதல் 80 வயது வரை, ஹார்மோன் குறைவு பரிசோதனையில் உறுதியானவர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகவில்லை, உண்மை. ஆனால் சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. அப்புறம், அந்த ஆய்வில் கொடுத்தது ஜெல். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

அந்த 34 வயதுக்காரருக்குக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் ரத்தம் எடுக்கச் சொன்னேன். இரண்டிலும் அளவு சரியாக இருந்தது. துணைவியாரை அழைத்து வரச் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை குறட்டை, நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது என்று. தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், விந்தணுப் பரிசோதனைக்கும்.