வலி மாத்திரைக்குப் பதிலாக சி.பி.டி. எண்ணெய்: எந்த மாத்திரைக்குப் பதிலாக?

சேலத்தில் வலி மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர், உட்கார்ந்தபடியோ குனிந்தபடியோ பல ஆண்டுகள் உழைத்தவர்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளில் வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர்கள், அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள், சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து மிளகு பறிப்பவர்கள் எனக் கழுத்து, இடுப்பு, முழங்கால் வலியோடு வருவோர் பலவிதம். சில ஆண்டுகளாக இவர்களில் ஒரு பகுதியினர், பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் மகனோ மருமகனோ சொல்லி அனுப்பியபடி, ஒரு சிறு சொட்டு மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்து வருகிறார்கள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்படும் கன்னபிடியால் என்னும் பொருள், சுருக்கமாக சி.பி.டி., அதில் இருப்பதாக எழுதியிருக்கும். "இதைக் குடிச்சா அந்த மாத்திரையெல்லாம் நிறுத்திடலாம்ங்களா டாக்டர்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கடிந்துகொள்ளும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வலி மாத்திரையைக் கண்டு அஞ்சுவதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடலாம். டிரமடால், டபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் போலச் செயல்படும்) மாத்திரைகள் மலச்சிக்கலையும் மயக்கத்தையும் தருவதோடு பழக்கத்துக்கும் அடிமைப்படுத்தக் கூடியவை. டிரமடாலை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. டபென்டடாலைப் போதைக்காகப் பயன்படுத்திய வழக்குகள் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகின்றன. இவற்றையெல்லாம் படித்த ஒரு குடும்பம், செடியிலிருந்து வரும் எண்ணெய் நல்லதாக இருக்குமே என்று நினைப்பதில் வியப்பில்லை.

சிக்கல், "அந்த மாத்திரையெல்லாம்" என்ற சொற்களில் இருக்கிறது. ஒருமுறை அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, முழங்கால் வலிக்காக இந்த எண்ணெயுடன் வந்தார். வீட்டில் இருக்கும் மருந்துகள் அனைத்தையும் எடுத்து வரச் சொன்னபோது, துணிக்கடைப் பை ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார். இரத்த அழுத்தத்துக்கான அட்டை ஒன்று, மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த "செட்" மாத்திரைகள், அவற்றுக்கு இடையே அசெனோகூமரால் அட்டை ஒன்று. அந்த அம்மாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. செயற்கை வால்வில் இரத்தம் உறையாமல் காப்பது அந்த மாத்திரைதான். வலி மாத்திரையை நிறுத்தும் ஆர்வத்தில், அதையும் சேர்த்து நிறுத்திவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். வலி குறையாவிட்டால் மறுபடி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். வால்வில் இரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும், உயிரே போகலாம்.

காகித மடிப்பைப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. அதிலிருந்த மிகச் சிறிய வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் எனப்படும் ஸ்டீராய்டாகவே இருக்கும். உறை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் அதைச் சட்டென நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் போதாமல் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். ஆகவே ஒரு மாற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்த மாத்திரைக்கு மாற்று, அந்த மாத்திரை எதற்காகத் தரப்பட்டது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தாக வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினையும், பல மாதம் எடுத்த டிரமடாலையும்கூடப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஒரே நாளில் விட்டால் தூக்கமின்மை, வியர்வை, நடுக்கம் எல்லாம் வந்து, அவற்றை "எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தவறாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். கஞ்சாச் செடியில் உள்ள பல சேர்மங்களில் போதை தருவது டி.எச்.சி.; சி.பி.டி. அத்தகைய போதையைத் தருவதில்லை. அதற்கு மருத்துவப் பயன் உண்டா என்றால் உண்டு. கடுமையான இருவகைக் குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு, சுத்திகரித்த சி.பி.டி. திரவம் ஒன்றை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் வலிப்புக்குத்தான். வலிக்கு அந்த நிர்வாகம் எந்த சி.பி.டி. மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. இணைய விளம்பரங்கள் இந்த இரண்டையும் குழைத்துப் பேசுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வலிக்கு என்ன சான்று இருக்கிறது? டென்மார்க்கில் கைமூட்டுத் தேய்மானமும் சொரியாட்டிக் மூட்டுவாதமும் உள்ள 136 பேரிடம், நாளொன்றுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை 12 வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையை விட வலி அதிகமாகக் குறையவில்லை. அளவு குறைவு என்று சொல்லலாம். ஆனால் ஆஸ்திரியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 86 பேரிடம், பாராசிட்டமாலோடு சேர்த்து நாளுக்கு 600 மில்லிகிராம் கொடுத்து, 2023-இல் வெளியான ஆய்விலும் முடிவு அதுவே. முற்றிய புற்றுநோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்விலும் போலி மருந்தைவிடக் கூடுதல் நன்மை தெரியவில்லை. வலி ஆய்வுக்கான சர்வதேச அமைப்பான ஐ.ஏ.எஸ்.பி., 2021-இல் கஞ்சா சார்ந்த மருந்துகளை வலிக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த வாய்த்தெளிப்பு மருந்து சில நாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கத்துக்குப் பயன்படுகிறது. அது வேறு மருந்து, வேறு நோய்.

போலி மருந்து பெற்றவர்களுக்கும் இந்த ஆய்வுகளில் வலி ஓரளவு குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் எடுத்தபின் வலி குறைந்ததாகச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. மூட்டு வலி இயல்பாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது தொடங்கும் எந்த மருந்துக்கும் அடுத்த வாரம் நல்ல பெயர் கிடைக்கும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 10 மில்லிலிட்டர் புட்டியில் 300 மில்லிகிராம் சி.பி.டி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்றால் ஒரு சொட்டில் 1.5 மில்லிகிராம்தான். காலையில் ஐந்து, இரவில் ஐந்து என்று எடுப்பவர் பெறுவது 15 மில்லிகிராம். ஆஸ்திரிய ஆய்வில் பயனளிக்காத 600 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால், ஒரு நாளைக்கு இரண்டு புட்டிகளைக் காலி செய்ய வேண்டும். புட்டி ஒன்றே சில ஆயிரம் ரூபாய் விற்கிறது. விலையைப் பற்றிக் கேட்டபோது என் நோயாளி ஒருவரின் மகன், "விலை கூடினால் மருந்தும் வீரியமாகத்தான் இருக்கும்" என்றார். விற்பவர்கள் நம்பியிருப்பதும் இந்த எண்ணத்தைத்தான்.

புட்டியின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் இணையத்தில் விற்கப்பட்ட 84 தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், சுமார் 31 விழுக்காட்டில் மட்டுமே சொன்ன அளவு சரியாக இருந்தது. 18 தயாரிப்புகளில் டி.எச்.சி. இருந்தது. நம் நாட்டில் நிலவரம் வேறு வகையில் சிக்கலானது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடியின் பூக்கும் நுனிகளையும் பிசினையும் தடை செய்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் இலைச் சாற்றைக் கொண்டு, "விஜயா" என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு எண்ணெய்கள் வருகின்றன. இலையில் சி.பி.டி. மட்டும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது; டி.எச்.சி.யும் இருக்கும். இந்திய மருத்துவ முறைகளின் நச்சுப் பொருட்களைப் பட்டியலிடும் இ-1 அட்டவணையில் இந்த இலை இடம்பெற்றிருப்பதால், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியில் அச்சாக வேண்டும். காணொளி அழைப்பில் சில நிமிடம் பேசிவிட்டு அனுப்பப்படும் மருந்துச் சீட்டை நான் மேற்பார்வை என்று கருதுவதில்லை. சித்த, ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து, சுத்தி முறை (மூலிகையின் நச்சை நீக்கும் முறை) அறிந்து தருவது வேறு விஷயம். அவரிடம் உங்கள் ஆங்கில மருந்துப் பட்டியலையும் காட்டிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம், "ஹெம்ப் சீட் ஆயில்". 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவாக ஏற்றது கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும். விதை எண்ணெயில் சி.பி.டி. ஏறத்தாழ இல்லை. இலையின் படம் அச்சிட்ட அந்தப் புட்டியை மூட்டு வலிக்கு வாங்குபவர், நல்லெண்ணெயைத் தேய்ப்பதைவிட அதிக விலைக்கு அதே பலனைப் பெறுகிறார்.

மருந்து அளவுக்கு சி.பி.டி. உண்மையில் உடலில் சேர்ந்தால், அது மற்ற மருந்துகளோடு மோதும். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தடுப்பதால், அந்த மருந்துகள் இரத்தத்தில் கூடும். இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறைதலை அளக்கும் ஐ.என்.ஆர். ஏறி, இரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்கான குளோபசாமின் வீரியம் கூடி, நோயாளி தூங்கி விழலாம். சோடியம் வால்புரோயேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்வது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களும், தினமும் மது அருந்துபவர்களும் ஏற்கெனவே கல்லீரல் சோதனையில் இருக்க வேண்டியவர்கள் என்பதால் அவர்களிடமும் நான் தயங்குவேன். கொழுப்புச் சத்துள்ள உணவோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு பல மடங்கு உயரும். பழைய சாதத்தோடு எடுத்த அன்றும் பிரியாணி சாப்பிட்ட அன்றும் ஒரே சொட்டு ஒரே வேலையைச் செய்யாது. வயிற்றுப்போக்கு, பசியின்மை, அசதி ஆகியவையும் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதை எடுக்கக் கூடாது.

அசதியைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரிகாபலினோ டிரமடாலோ இரவில் எடுப்பவர், அதோடு இந்த எண்ணெயையும் சேர்த்தால், காலையிலும் மந்தம் போகாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காப்பி, மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் இறங்கும் ஓட்டுநர்களும், ஒற்றை ஏணியில் ஏறி மிளகு பறிப்பவர்களும், ஓடும் தறியில் கை வைப்பவர்களும் சோதித்துப் பார்க்க ஏற்ற ஆட்கள் இல்லை.

புற்றுநோய் வலிக்கு நான் வேறு குரலில்தான் பேசுவேன். மார்ஃபின் என்றாலே "கடைசி மருந்து" என்று பயந்து, அதை மறுத்துவிட்டு எண்ணெயைத் தேடும் குடும்பங்கள் உண்டு. சரியான அளவில் தரப்படும் மார்ஃபின், எலும்புக்குப் பரவிய புற்றின் வலியை அடக்கி, நோயாளியை உட்கார்ந்து சாப்பிடவும் பேத்தியோடு பேசவும் வைக்கும். அந்த இடத்தில் சொட்டு மருந்தைத் தூக்கி நிறுத்துவது, நோயாளியை வலியில் விட்டுவிடுவதாகும். நோய்த்தணிப்பு சிகிச்சையை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

அப்படியென்றால் முழங்கால் வலிக்காரர் மாத்திரையைக் குறைக்கவே முடியாதா? முடியும். டைக்ளோஃபெனாக் களிம்பை மூட்டில் தடவினால் மருந்து இரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. முழங்காலுக்கும் கைமூட்டுக்கும் இது நன்றாகவே உதவுகிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி சலிப்பூட்டுவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்திப் பிடிப்பதைத் தினமும் செய்ய யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் மூட்டுத் தேய்மானத்தில் மருந்துக்கு நிகரான பலனைத் தொடர்ந்து காட்டிவருவது அதுதான். உடல் எடையில் சில கிலோ குறைந்தாலும் முழங்காலின் சுமை கணிசமாக இறங்கும். கொலுசு வேலை செய்பவரிடம் பலகையின் உயரத்தைக் கூட்டச் சொன்னதில் கழுத்து வலி பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு மாத்திரையும் எழுதவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணெயை எடுத்துப் பார்ப்பதென்று ஒருவர் முடிவு செய்தால், மறைக்காமல் சொல்லிவிட்டு எடுக்கட்டும் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். புட்டியைக் கொண்டு வரட்டும். ஆய்வகச் சான்று இருந்தால் அதையும் காட்டட்டும். கல்லீரல் சோதனையும், இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை எடுப்பவராயின் ஐ.என்.ஆர். சோதனையும் தொடங்கும் முன்னும் பிறகும் செய்வோம். வேறு எந்த மாத்திரையையும் தானாக நிறுத்த வேண்டாம். நான்கு வாரத்தில் நடக்கும் தூரமோ தூக்கமோ மேம்படவில்லையெனில் புட்டியை மூடிவிடலாம். மலம் கறுத்தாலோ, பல் துலக்கும்போது இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ நாள் பார்க்காமல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ வந்துவிட வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் இதை எடுத்துச் செல்லவோ, அமெரிக்காவிலிருந்து உறவினரை அனுப்பச் சொல்லவோ வேண்டாம். அங்கே 2018 முதல் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேல் இல்லாத செடி மத்திய சட்டப்படி விவசாயப் பயிர். இங்கே பூவிலிருந்து எடுத்த அதே எண்ணெய் போதைப்பொருள் வழக்காகலாம். மகனைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பும் பெற்றோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அங்கே சி.பி.டி. உள்ளிட்ட எல்லாக் கஞ்சாப் பொருட்களும் தடை செய்யப்பட்டவை, கைப்பையில் இருக்கும் அரைப் புட்டியும் அதில் அடங்கும்.