56கே மோடம்: இறங்குவது ஒரு வேகம், ஏறுவது வேறு வேகம்

வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்குப் போன டயல்-அப் காலத்தின் கருவி 56கே மோடம். தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக உருவானது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அது கடத்தும். கணினியின் 0, 1 எல்லாவற்றையும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றுவதும், வரும் ஒலியைத் திரும்ப எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. 1962-இல் வந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் (0 அல்லது 1) அனுப்பியது. 1990-களின் நடுவில் வி.34 என்ற மோடத் தரம் 33,600 பிட்டை எட்டியது.

அதற்கு மேல் போக முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். காரணம், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் 1948-இல் தந்த கணக்கு. அலைவரிசையின் அகலமும் இரைச்சலின் அளவும் தெரிந்தால், ஒரு கம்பி அதிகபட்சம் எவ்வளவு தகவலைச் சுமக்கும் என்று சொல்லிவிடலாம். நல்ல தொலைபேசி இணைப்புக்கு அது சுமார் 35,000 பிட். ஆனால் 1998-இல் வந்த வி.90 தரத்தின் வேகம் 56,000! ஷானன் கணக்கு பொய்க்கவில்லை. இரைச்சலின் ஒரு பெரிய ஊற்றை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த மோடத்தில் மிகப் பிடித்த இடமே இதுதான்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி நிலையம்) நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாகக் குறிக்கிறது. மளிகைக்கடையில் சில்லறைக் காசை ரூபாய்க்கு முழுமையாக்குவதுபோல, ஒவ்வோர் அளவும் பக்கத்து எண்ணுக்குத் தள்ளப்படுகிறது. அந்தச் சின்னப் பிழைகள்தான் இரைச்சலாகின்றன. இணையச் சேவை நிறுவனமோ எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக டிஜிட்டலில் இணைந்திருக்கிறது. அது அனுப்புவது ஏற்கெனவே முழு எண் என்பதால் பக்கத்து எண்ணுக்குத் தள்ளும் பிழையே கிடையாது. உங்கள் எக்ஸ்சேஞ்ச் அந்த எண்ணை மின்னழுத்தமாக்கிக் கம்பியில் விடுகிறது; மோடம் அந்த அழுத்தத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கிறது. மிக நெருக்கமான அளவுகளைப் பிரித்தறிவது கடினம், ஆகவே 8-க்குப் பதில் 7 பிட்: 7 × 8,000 = 56,000. நீங்கள் அனுப்பும்போதோ எக்ஸ்சேஞ்ச் அளந்தே தீர வேண்டும். பழைய இரைச்சல் திரும்பிவிடும், வேகம் 33,600-ஐத் தாண்டாது.

ஆகவே அன்று மோடம் வாங்கும் முன் பார்க்க வேண்டியிருந்தது கம்பியை. வழியில் ஒலியை எண்ணாக்கும் இன்னொரு மாற்றம் நுழைந்தால், உதாரணமாக அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்ச் குறுக்கிட்டால், எவ்வளவு விலை கொடுத்த 56கே மோடமும் 33,600-க்கு இறங்கிவிடும். இந்தியாவில் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இணையம் தந்த பிறகான ஆண்டுகளில், பழைய மின்-இயந்திர எக்ஸ்சேஞ்சில் இணைந்திருந்த வீடுகளுக்கும் இதே கதிதான். நல்ல கம்பியிலும் 40,000 முதல் 50,000 வரை கிடைத்தாலே மகிழ வேண்டியிருந்தது. 40,000 பிட் என்றால் நொடிக்கு 5 கிலோபைட். 5 எம்பி பாட்டு இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே கம்பியில் கூடுதல் தொலைபேசிகள் தொங்கினால் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது மோடத்தின் வகை. கணினிக்குள் செருகும் மலிவான 'வின்மோடம்' ஒலியைப் பிரித்தறியும் வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடும். விண்டோஸுக்கான இயக்கு மென்பொருள் (டிரைவர்) இல்லாமல் அது வெறும் அட்டை. லினக்ஸில் பெரும் தலைவலி. கணினியின் சீரியல் போர்ட் என்ற துளையில் மாட்டும் வெளி மோடத்துக்குச் சொந்தப் பிராசசர் உண்டு, எந்த இயக்குதளத்திலும் ஓடும், இணைப்பு எந்த நிலையில் நிற்கிறது என்பதை முன்பக்க விளக்குகளே சொல்லிவிடும். விலை கூடினாலும் அன்று நான் அதையே பரிந்துரைத்திருப்பேன். 2000-இல் வந்த வி.92 தரம் மேலேற்றத்தை 48,000 வரை கொண்டுபோனது, சீக்கிரம் இணைந்தது. ஆனால் சேவை நிறுவனமும் அதே தரத்தில் இருந்தால் மட்டுமே. அதை விசாரிக்காமல் கூடுதல் பணம் கொடுத்தது வீண்தான்.