நியாண்டர்தால் – சொல் விளக்கம்

தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளைப் பார்க்க வரும் மாணவர்களில் ஒருவராவது, இவை நியாண்டர்தால் மனிதர் கட்டியவையா என்று கேட்டுவிடுகிறார். பழநி மலையில் குள்ளர் குகை என்று வழங்கும் அவை குள்ளரின் வீடுகளும் அல்ல, குகைகளும் அல்ல, பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். நியாண்டர்தால் மாந்தரோ ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் நடு ஆசியாவிலும் வாழ்ந்து, ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனவர்கள்.

ஜெர்மனியில் டியூசல்டார்ஃப் நகருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரே இச்சொல். 'தால்' என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. (நம்முடைய தாழ், தாழ்வரை ஆகியவற்றோடு இதை முடிச்சுப்போடக் கை துடிக்கும், இந்த ஒலியொப்புமை தற்செயலானது.) முற்பகுதி, 17ஆம் நூற்றாண்டில் அங்கே உலவிய கிறித்தவப் பாடலாசிரியர் யோவாக்கிம் நியாண்டரைக் குறிக்கிறது. நொய்மன், அதாவது புதிய மனிதன், என்றிருந்த குடும்பப்பெயரை அவருடைய பாட்டனார் அதே பொருளில் கிரேக்கமாக்கிக்கொண்டார். 1856இல் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்கள் அப்பள்ளத்தாக்கில் எலும்புகளைக் கண்டெடுத்தனர். 1864இல் நிலவியலாளர் வில்லியம் கிங் அவ்வெலும்புகளுக்குரிய இனத்துக்கு 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்று பெயரிட்டார். இவ்வாறு, மறைந்துபோன தொல்மாந்தருக்குப் புதியவன் பள்ளத்தாக்கின் பெயர் வாய்த்தது.

பெயரில் இழிவு ஏதும் இல்லை. அது பின்னால் ஏற்றப்பட்டது. பிரான்சில் 1908இல் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை ஆராய்ந்த மார்செலின் பூல், அந்த இனத்தையே கூனி நடந்த அரைமனிதராகக் காட்டினார். அந்த எலும்புக்கூடு கடுமையான மூட்டுவாதம் கண்ட ஒருவருடையது என்பதை 1957இல் வெளியான மறுஆய்வு எடுத்துக்காட்டியது. 2010இல் ஸ்வாந்தே பேபோ குழுவினர் நியாண்டர்தால் மரபணுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டபோது (2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது), ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுவில் ஒரு சிறு பங்கு (இன்றைய மதிப்பீட்டில் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு) நியாண்டர்தால் மாந்தரிடமிருந்து வந்தது என்பது தெரிந்தது. கொரோனா நோயைக் கடுமையாக்கக்கூடிய, மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஒரு துண்டும் அவர்கள் வழி வந்ததே என்று 2020இல் கண்டறியப்பட்டது. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைச் சுமக்கிறார்கள்.

ஆகவே 'குகை மனிதன்', 'குரங்கு மனிதன்' என்று பெயர்ப்பது பிழை. நம் முன்னோரில் ஒரு கிளையை நாமே வைவதாகவும் முடியும். ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பதும் வேண்டாம். தாண்டிக்குடியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. 'நியாண்டர்தால் மாந்தர்' என்பதே தக்க வழக்கு. ஜெர்மன் ஒலிப்புக்கு 'நியாண்டர்டால்' சற்று நெருக்கமானதுதான், ஆயினும் 'தால்' தமிழில் வேரூன்றிவிட்டது. அதை மாற்றக் காரணம் காணவில்லை.