பரிணாமம்: சொல்லும் அதனோடு ஒட்டிக்கொண்ட ‘வளர்ச்சி’யும்

‘எவல்யூஷன்’ என்னும் உயிரியல் சொல்லைத் தமிழகப் பாடநூல்கள் ‘பரிணாமம்’ என்று எழுதுகின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்றே ஒரு பாடம் உண்டு. பாடநூலை விட்டு வெளியே வந்தால் அந்தச் சொல் தனித்து நிற்பதைக் காண்பது அரிது. நாளிதழிலும் மேடைப்பேச்சிலும், மதுரைப் பள்ளிகள் நடத்தும் அறிவியல் கண்காட்சிகளின் அட்டைகளிலும் ‘பரிணாம வளர்ச்சி’ என்ற வடிவமே வழங்குகிறது. இதையும் தாண்டிச் சிலர் ‘பரிமாண வளர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். பரிமாணம் என்பது அளவு. நீளம், அகலம், உயரம் ஆகியவை பரிமாணங்கள். இது எழுத்து இடம் மாறியதால் வந்த பிழை, சுட்டிக்காட்டினால் திருந்திவிடும். ‘வளர்ச்சி’யைச் சேர்ப்பது அப்படிப்பட்ட பிழை அன்று. அது பார்வைக்குச் சரியாகவே தோன்றுகிறது. பொருளை மட்டும் தலைகீழாக்கிவிடுகிறது.

உயிரியலார் இச்சொல்லால் குறிப்பது இதைத்தான்: ஓர் இனக்கூட்டத்தில் மரபாக வரும் பண்புகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. மாறுவது கூட்டமே, தனி உயிர் அன்று. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொண்டால், பதியம் வேர்விட்டுக் கிளைப்பதும், கவாத்துக்குப்பின் தளிர்த்து அரும்பு கட்டுவதும் வளர்ச்சி. அந்தச் செடி எத்தனை ஆண்டு பூத்தாலும் அதன் வாழ்நாளுக்குள் பரிணாமம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்னும் சொல்லப்போனால், விதையில்லாமல் குச்சியிலிருந்தே பெருக்கப்படும் செடியாகையால், தலைமுறைதோறும் மரபு கலந்து புதிய வேறுபாடுகள் பிறக்கும் வாய்ப்பும் அதற்கு மிகக் குறைவு. வளர்ச்சிக்கு ஒரு திசை உண்டு, ஒரு நிறைவும் உண்டு. பரிணாமத்துக்கு இரண்டும் இல்லை.

குழப்பம் தமிழில் தொடங்கியதன்று; மூலச்சொல்லிலேயே அது இருக்கிறது. இலத்தீனில் ‘எவொல்வேரே’ என்றால் சுருளை விரித்தல். பண்டைய ரோமானியர் சுருட்டி வைத்த நூலை விரித்துப் படிப்பதை அச்சொல்லால் குறித்தார்கள். 1744-இல் சுவிட்சர்லாந்தின் உடலியல் அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் அதைக் கருவியலுக்குள் கொண்டுவந்தார். முட்டைக்குள்ளோ விந்துக்குள்ளோ முழு உயிரும் மிகச் சிறிய உருவில் முன்பே அமைந்திருக்கிறது, கரு வளர்வதென்பது அது விரிவதே என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அச்சொல் மிகப் பொருத்தமாக இருந்தது. உள்ளே ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதுதானே சுருளை விரித்தால் வெளிப்படும்?

டார்வின் இந்தச் சொல்லை விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1859-இல் வெளிவந்த அவருடைய உயிரினத் தோற்ற நூலின் முதற்பதிப்பில் ‘எவல்யூஷன்’ என்ற பெயர்ச்சொல் இல்லை; நூலின் கடைசிச் சொல் மட்டும் அதன் வினைவடிவம். அவர் தம் கருத்துக்கு இட்ட பெயரைத் தமிழில் ‘திரிபோடு வழிவருதல்’ என்று சொல்லலாம். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை, விரிவும் இல்லை. அண்டம் முதல் சமுதாயம் வரை அனைத்தும் எளிமையிலிருந்து சிக்கலை நோக்கி முன்னேறுகின்றன என்று எழுதிய ஆங்கிலேய மெய்யியலார் ஹெர்பர்ட் ஸ்பென்சர்தான் ‘எவல்யூஷன்’ என்பதைப் பரப்பினார். ‘தக்கன பிழைத்தல்’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட தொடரும் 1864-இல் அவர் ஆக்கியதே. இறுதியில் டார்வினும் இணங்கி, 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில் ‘எவல்யூஷனை’ ஏற்றுக்கொண்டார். சொல் வென்றது, அதோடு முன்னேற்றம் என்ற எண்ணமும் உள்ளே வந்துவிட்டது.

‘பரிணாமம்’ வடமொழியிலிருந்து வந்தது. ‘நம்’ என்னும் வினையடிக்கு வளைதல் என்று பொருள். ‘பரி’ முன்னொட்டோடு சேர்ந்து ஒன்று வேறொன்றாக மாறுதல் என்ற பொருளைத் தரும். சாங்கிய மெய்யியலில் இது ஒரு கலைச்சொல்: பால் தயிராவதே அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, தயிர் பாலுக்குள் மறைந்திருந்தது என்பது அக்கொள்கை. எங்கோ ரோமிலும் இங்கே சாங்கியத்திலும் வேர்கொண்ட இரு சொற்களும் ‘உள்ளே இருந்தது வெளியே வந்தது’ என்ற ஒரே கருத்தைச் சுமந்து வந்திருப்பது வியப்பானது. டார்வினியம் மறுப்பது அந்தக் கருத்தைத்தான். ஆனாலும் இன்றைய தமிழ் வாசகருக்கு ‘பரிணாமம்’ என்றதும் சாங்கியம் நினைவுக்கு வருவதில்லை, ‘மாற்றம்’ என்ற பொருளே தங்கியிருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லைத் தனியாக வைத்தால் பழுதில்லை என்பது என் கருத்து.

‘வளர்ச்சி’ ஏன் பொருந்தாது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் நன்றாகக் காட்டுகின்றன. மொசாம்பிக் நாட்டின் கோரங்கோசா தேசியப் பூங்காவைப் பற்றி 2021-இல் வெளிவந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. 1977 முதல் 1992 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. போரிட்ட இரு தரப்பினரும் தந்தத்துக்காக யானைகளைக் கொன்றார்கள். பூங்காவின் பெரிய தாவர உண்ணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு, ஒருசில பெண்களுக்கு மட்டும் பிறவியிலேயே இருக்காது. போருக்கு முன் அங்கே அத்தகைய பெண் யானைகள் 18.5 விழுக்காடு; போருக்குப் பின் 50.9 விழுக்காடு. தந்தமில்லாதவற்றை வேட்டைக்காரர்கள் விட்டுவைத்தார்கள், அவற்றின் மகள்களில் பலவும் அந்தப் பண்போடு பிறந்தன. பண்புக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், அதைப் பெற்ற ஆண் கரு பிழைப்பதில்லை என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். தந்தமற்ற ஆண் யானையான மக்னாவை நம் காடுகளில் அறிந்தவர்களுக்கு இது புதிராகத் தோன்றலாம். ஆசிய யானையின் கதை வேறு, அவற்றில் பெண்ணுக்குத் தந்தம் வெளித்தெரிவதே அரிது. கோரங்கோசாவில் நடந்ததை ‘வளர்ச்சி’ என்று எப்படிச் சொல்வது? ஓர் உறுப்பு மறைந்திருக்கிறது, கூட்டத்தின் ஆண் பிறப்பும் குறைகிறது. ஆயினும் அது ஐயத்துக்கிடமில்லாத பரிணாமம்.

திசை திரும்புவதும் உண்டு. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு அளந்து வந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி வந்தது. சிறிய மென்மையான விதைகள் தீர்ந்து கெட்டியான விதைகளே எஞ்சியபோது தடித்த அலகுடையவை அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. 1983-இல் எல் நினோ பெருமழை தீவைச் சிறு விதைகளால் நிரப்பியது. அதன்பின் சிறிய அலகுக்கே ஆதாயம். ஒரே இனக்கூட்டம் சில ஆண்டுகளில் இப்படியும் அப்படியும் சென்றதை அளவுகோல் காட்டியது. இதற்கும் மேலே, மூலக்கூறு அளவில் நிகழும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ செய்யாமல் தற்செயலாகவே பரவுகின்றன என்று 1968-இல் ஜப்பானிய மரபியலார் மோட்டூ கிமுரா முன்வைத்த நடுநிலைக் கொள்கையையும் சேர்த்துப் பார்த்தால், வளர்ச்சிக்கு எஞ்சும் இடம் சிறிதே.

இனி, தூய தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்று எழுதுகின்றன. சுருக்கமான, உச்சரிக்க நல்ல சொல். ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல். அதாவது, இருக்கும் ஒன்று மிகுதலை அச்சொற்கள் உணர்த்தும். இங்கேதான் எனக்குத் தயக்கம். உள்ளது சிறத்தலே கூர்ப்பு என்றால், தந்தம் இழந்த யானைக்கும், மெக்சிகோவின் குகைநீரில் கண்ணிழந்த மீனுக்கும் அது எவ்வாறு பொருந்தும்? ‘வளர்ச்சி’யிடமிருந்து தப்பி அதன் உடன்பிறப்பிடம் அகப்பட்டுக்கொள்வதாகும்.

தனித்தமிழ் எழுத்தாளர் சிலர் ‘படிமலர்ச்சி’, ‘படிவளர்ச்சி’ என்கிறார்கள். இவற்றில் ‘படி’ ஏணிப்படியாகக் கொள்ளப்பட்டதாகவே தெரிகிறது; அப்படியானால் கீழ்ப்படி, மேற்படி என்ற வரிசையும் கூடவே வரும். ஆனால் தமிழில் ‘படி’ என்பதற்கு நகல் என்றும் பொருளுண்டு. ஓலையைப் பார்த்துப் படியெடுத்தல் என்று இன்றும் சொல்கிறோம். மரபணுச் செய்தி நகலாவதைப் பாடநூல்கள் ‘படியெடுத்தல்’ என்றே எழுதுகின்றன. அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு ‘படித்திரிபு’ என்று ஆக்கினால், நகல் எடுக்கும்போது நேரும் திரிபு என்று டார்வின் விரும்பிய பொருளுக்கு மிக அருகில் வந்துவிடலாம். அது வழக்குக்கு வருமா என்பது வேறு கேள்வி. வரும்வரை ‘பரிணாமம்’ என்ற பெயரும், ‘பரிணமித்தது’ என்ற வினையும், அழுத்தம் வேண்டிய இடத்தில் ‘பரிணாம மாற்றம்’ என்ற தொடரும் போதும்.

திரிபு என்றதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது: ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’. இரு சொற்கள் சேரும் புணர்ச்சியில் ஓர் எழுத்து புதிதாகத் தோன்றலாம், வேறோர் எழுத்தாகத் திரியலாம், மறைந்துபோகலாம். மரபணுவின் எழுத்துத் தொடரில் நேரும் மாற்றங்களையும் உயிரியலார் இதே மூன்றாகத்தான் பிரிக்கிறார்கள்: செருகல், மாற்றீடு, நீக்கம். தமிழகம் ‘சடுதிமாற்றம்’ என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் ‘விகாரம்’ என்று எழுதுவது இலக்கணம் கற்றவருக்கு இனிக்கத்தான் செய்யும். கூர்ப்பில் நான் உடன்படாவிட்டாலும் விகாரத்தில் அவர்களுக்கே என் வாக்கு.

பழந்தமிழில் பரிணாமக் கொள்கை இருந்தது என்று வாதிடுவோர் மதுரைப் பக்கத்தில் உடனே சுட்டுவது, மேலூரை அடுத்த திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் சிவபுராண அடிகளை: ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’. அடுத்த அடிகளைத் தொடர்ந்து படித்தால் வாதம் நிற்காது. பறவைக்குப் பின் பாம்பும், அதன்பின் கல்லும், மனிதருக்குப் பின் பேயும் கணங்களும் வருகின்றன. அங்கே பேசப்படுவது ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்தது, இனக்கூட்டம் மாறியது அன்று. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பும் வகைப்பாடுதான், வழிவரலாறு அன்று. பாட்டின் பெருமைக்கு டார்வின் சான்றளிக்க வேண்டியதில்லை.

ஏணி என்னும் எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்குத் திருவாதவூரை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மேலூர்ப் பக்கமே. அங்குள்ள பாறைகளில் வாழும் ஷாஹீன் வல்லூறை ‘பரிணாமத்தில் உயர்ந்த’ பறவை என்றும், கீழே வெயில் காயும் ஓணானைப் ‘பின்தங்கியது’ என்றும் சொல்லத் தோன்றும். இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து ஒரே கால அளவைக் கடந்து வந்தவை.

மனிதரைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறு வெறும் சொற்குற்றமாக நிற்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலார் ஸ்பென்சர் வெல்ஸ் முதலியோரும் இணைந்து 2001-இல் வெளியிட்ட ஒய் குரோமோசோம் ஆய்வுக்குப் பின், எம்130 என்னும் மரபு அடையாளம் உசிலம்பட்டி அருகேயுள்ள ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் காணப்பட்டது பெருஞ்செய்தியாயிற்று. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் அந்த அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருப்பதால், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய இடப்பெயர்வின் சுவடாக ஆய்வாளர்கள் அதைக் கொண்டார்கள். அதை ‘உலகின் ஆதி மனிதர் மதுரைப் பக்கத்தில்’ என்ற பாணியில் எடுத்துக்கொண்டு பெருமைப்பட்டவர்களும் உண்டு, வளராமல் அப்படியே நின்றுவிட்ட கூட்டம் என்று மட்டமாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. பழமையானது அந்த ஓர் அடையாளமே. அதைச் சுமப்பவரின் மற்ற மரபணுக்கள் எல்லாம் எண்ணற்ற தலைமுறைகளாகக் கலந்தும் மாறியும் வந்தவை, சென்னையிலோ லண்டனிலோ இருப்பவருடையவற்றைப் போலவே.