மேல்முறையீட்டோடு நிற்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்: சிங்கப்பூரில் அரசாங்கத் துறைகளிடம் கேள்வி கேட்கும் வழி

உதவித் தொகையோ கட்டணக் கழிவோ மறுக்கப்பட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான், மேல்முறையீட்டுக் கடிதம். வரும் பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். எந்த விதியால் மறுத்தார்கள், இதே காரணத்தால் இன்னும் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அடுத்த மாதம் அதே கடிதத்தைக் கொஞ்சம் மாற்றி அனுப்புகிறார்கள். அதே பதில் வருகிறது. ஆங்கிலக் கடிதத்தைப் படித்துச் சொல்லப் பிள்ளைகள் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கும் பெரியவர்கள் இப்படி அலைவதை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களையும் அவர்களுக்கு உதவ நினைப்பவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஓர் அதிகாரி உங்களுக்கு மட்டும் பதில் அனுப்பினால் போதும், கோப்பு மூடிவிடும். அதே விஷயம் நாடாளுமன்றத்தில் கேள்வியாக வந்தால் அமைச்சர் பதில் தர வேண்டும். அந்தப் பதில் பதிவாகும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இரண்டுக்கும் போகும் வழி பல நேரம் ஒன்றுதான், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பாளர்களைப் பார்க்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. அங்கே என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், "ஒரு ஆர்டிஐ போட்டால் சொல்லித்தானே ஆகணும்?" என்று கேட்பார்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம் கட்டினால் 30 நாளில் பதில் வர வேண்டும். சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் ஆர்டிஐ மாதிரிக் கடிதத்தை மொழிபெயர்த்து இங்குள்ள துறைக்கு அனுப்பினால், அதுவும் ஒரு சாதாரண விசாரணைக் கடிதமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

இன்னொரு குழி, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதைக் காட்டி "என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கொடுங்கள்" என்று ஒரு தனியார் நிறுவனத்தைக் கேட்கலாம். அரசாங்க அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே அதை மேற்கோள் காட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் விண்ணப்பக் கோப்பில் பதிவான விவரத்தைப் பார்க்க வேண்டும் என்றால், சட்டத்தை இழுக்காமல் நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை இது. தெரிந்த ஒருவர் அந்தத் துறையில் வேலை செய்கிறார் என்று அவரிடம் உள் ஆவணத்தைக் கேட்காதீர்கள். அதிகாரத்துவ ரகசியச் சட்டம் கொடுத்தவரை மட்டும் பிடிப்பதில்லை, வாங்கியவரையும் பிடிக்கும். உங்கள் வழக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அங்கே அது உதவாது.

சரி, மக்கள் சந்திப்புக்கு வருவோம். பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும். ஒரு தொண்டூழியர் உங்கள் கதையைக் கேட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் பெயரில் துறைக்குக் கடிதம் எழுதுவார். பலரும் இதை "எம்பி அமைச்சரிடம் கேட்டுவிட்டார்" என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கடிதம் துறைக்குப் போகிறது. உங்களை ஏற்கெனவே மறுத்த அதே பிரிவின் மேசைக்குத் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. அது மேல்முறையீட்டின் இன்னொரு வடிவம்தான். கேள்வி எழுப்ப வேண்டும் என்றால், "கடிதம் வேண்டாம், அல்லது கடிதத்தோடு சேர்த்து, இதை நாடாளுமன்றக் கேள்வியாகப் பதிவு செய்வீர்களா?" என்று உறுப்பினரிடமே நேராகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தானாகச் செய்யமாட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. உங்கள் தொகுதி எது என்பதை அடையாள அட்டை முகவரிதான் முடிவு செய்கிறது. 2025 பொதுத் தேர்தலுக்கு முன் எல்லைகள் மாறின. செம்பவாங் வெஸ்ட், ஜாலான் காயு, குவீன்ஸ்டவுன் போன்ற தனித்தொகுதிகள் (ஓர் உறுப்பினர் மட்டும் உள்ளவை) புதிதாக வந்தன. பழைய நினைப்பில் பழைய இடத்துக்குப் போய் வரிசையில் நின்று, "நீங்கள் எங்கள் தொகுதி இல்லை" என்று திரும்புவது கொடுமை. போவதற்கு முன் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறுப்பினர் அமைச்சராகவோ துணை அமைச்சராகவோ இருந்தால்? அவர்கள் நாடாளுமன்றத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் இருப்பவர்கள், கேள்வி பதிவு செய்வதில்லை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பல உறுப்பினர்கள் உள்ள குழுத்தொகுதி என்றால் அதே குழுவில் அரசாங்கப் பதவியில் இல்லாத இன்னோர் உறுப்பினரைத் தேடுங்கள். தனித்தொகுதி என்றால், அந்தத் துறையைப் பற்றித் தொடர்ந்து பேசுகிற வேறு உறுப்பினருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொகுதியில்லா உறுப்பினர்களும் நியமன உறுப்பினர்களும் கேள்வி கேட்கலாம். ஆனால் அவர்களுக்கு உங்கள் சொந்த வழக்கை அனுப்பினால், உங்கள் தொகுதிக்கே போகச் சொல்லிவிடுவார்கள். கொள்கைக் கேள்வியை அனுப்புங்கள்.

ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரைதான் பதிவு செய்யலாம், அவற்றில் வாய்மொழிப் பதிலுக்கு மூன்றுதான். ஏழு முழு நாள்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அமர்வுக்கு முந்திய நாள் ஓடிப்போய்ப் பயனில்லை. கேள்வி நேரம் வழக்கமாக ஒன்றரை மணி நேரம். அதற்குள் வராத கேள்விக்கு, உறுப்பினர் ஒத்திவைக்கக் கேட்டால் ஒழிய, எழுத்துப் பதில் வந்துவிடும். எழுத்துப் பதிலில் ஒரு குறை உண்டு. அதன்மேல் துணைக் கேள்வி கேட்க முடியாது. வாய்மொழிப் பதில் என்றால் அமைச்சர் சொல்லி முடித்ததும் எந்த உறுப்பினரும் எழுந்து "அப்படியென்றால் இது ஏன்?" என்று கேட்கலாம். மழுப்பலான பதில் பல நேரம் அந்த இடத்தில்தான் தெளிவாகும். எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்றால் எழுத்துப் பதில் போதும். காரணம் வேண்டும் என்றால் வாய்மொழிப் பதிலைக் கேட்கச் சொல்லுங்கள்.

நல்ல விஷயங்கள் பல வீணாவது கேள்வியை எழுதும் விதத்தில்தான். தனிநபர் பெயர், குற்றச்சாட்டு, அபிப்பிராயம், வாதம் எதுவும் கேள்விக்குள் வரக்கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விவகாரமும் கூடாது. ஏற்கெனவே வெளியான ஆவணத்தில் இருக்கும் தகவலைக் கேட்டாலும் எடுபடாது. "ஏழைகளை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்?" என்பது மனத்துக்கு ஆறுதல், ஆனால் கேள்வியாக நிற்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மருத்துவக் கட்டணத்தில் கழிவு தரும் சாஸ் (CHAS) அட்டை போன்ற உதவிகளுக்குக் குடும்ப வருமானத்தை ஆள் கணக்கில் வகுத்துப் பார்க்கிறார்கள். குடும்பம் என்பது யார்? அடையாள அட்டையில் ஒரே முகவரி உள்ள உறவினர்கள். மகன் கல்யாணமாகி வேறு இடத்துக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும், முகவரியை மாற்றியிருக்கமாட்டார். அவர் சம்பளம் அம்மாவின் கணக்கில் ஏறிவிடும், அம்மாவுக்கு உதவி குறையும் அல்லது கிடைக்காது. வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே வேறு எதற்கும் முன்னால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பாதி வழக்குகள் அங்கேயே தீரலாம்.

முகவரி சரியாக இருந்தும் சிக்குகிறவர்கள் உண்டு. மகன் அதே வீட்டில்தான் இருப்பார், ஆனால் அம்மாவுக்கு ஒரு காசு கொடுக்கமாட்டார். இங்கே "என் அம்மாவுக்கு ஏன் கொடுக்கவில்லை" என்பது மேல்முறையீடு. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில், ஒரே வீட்டில் இருந்தும் ஆதரவு தராத பிள்ளைகளின் வருமானம் சேர்க்கப்பட்டதால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை பேர் மேல்முறையீடு செய்தார்கள், எத்தனை ஏற்கப்பட்டன, எந்த அளவுகோலால் விதிவிலக்கு தரப்படுகிறது? இதில் கோபம் இல்லை, பெயர் இல்லை. பதில் சொல்லாமல் நழுவ இடமும் குறைவு. "அந்த எண்ணிக்கையைத் தனியாகப் பதிவு செய்வதில்லை" என்று பதில் வரலாம். வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அதுவும் பதிவுதான். அடுத்த கேள்வி, ஏன் பதிவு செய்வதில்லை, எப்போது தொடங்குவார்கள் என்பது.

எந்த அமைச்சுக்குக் கேள்வி என்பதைத் தப்பாகப் போட்டால் ஓர் அமர்வே போய்விடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் தேசிய வளர்ச்சி அமைச்சு. மத்திய சேம நிதி என்றால் மனிதவள அமைச்சு. சாஸ், பலதுறை மருந்தகம் என்றால் சுகாதார அமைச்சு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்கேர் உதவி என்றால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. தாழ்வாரம், மின்தூக்கி, புளோக் துப்புரவு எல்லாம் நகர மன்றத்தின் வேலை. அதற்கு நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. நகர மன்றத்தின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கை வெளியாகிறது, நீங்கள் மாதாமாதம் கட்டும் சேவைக் கட்டணம் எங்கே போகிறது என்று அதில் பார்த்துவிட்டு நேரடியாக எழுதுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, வரவுசெலவுத் திட்டத்தோடு நிதி அமைச்சு வெளியிடும் வருவாய், செலவின மதிப்பீடுகள். எந்த அமைச்சுக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். ஆனால் வீவக, தேசியச் சுற்றுப்புற வாரியம் போன்ற ஆணைபெற்ற கழகங்களின் (தனிச் சட்டத்தால் அமைந்த அரசாங்க அமைப்புகள்) உள்செலவு அதில் விரிவாக இருக்காது. அதற்கு அந்தந்தக் கழகத்தின் ஆண்டறிக்கையை எடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் மதிப்பீட்டைப் புரட்டிவிட்டு "மறைத்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டாவது, அரசாங்கக் கொள்முதலுக்கான ஜீபிஸ் (GeBIZ) இணையத்தளம். எந்த ஏலக்குத்தகை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கலாம். மூன்றாவதுதான் கூர்மையானது. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, வழக்கமாக ஜூலை மாதம் வரும்.

அந்த அறிக்கையால் என்ன நடக்கும் என்பதற்கு 2016 ஒரு நல்ல சான்று. விக்டோரியா அரங்கு மேம்பாட்டில் ஒரு குப்பை சேகரிப்பு மையம் கட்ட ஆன செலவு 470,000 வெள்ளி. அதற்கான ஆலோசனைக் கட்டணம் மட்டும் 410,000 வெள்ளி. அந்தக் கட்டணம் நியாயமானதா என்று தேசியக் கலை மன்றம் போதுமான அளவு மதிப்பிடவில்லை என்று கணக்காய்வாளர் எழுதினார். விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது, அமைச்சர் கிரேஸ் ஃபூ விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குப்பை மையத்துக்கு நாட்டு மக்கள் முன்னால் பதில் சொல்ல வைக்க முடிந்தது என்றால், அதற்குக் காரணம் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான். நீங்களும் எண்ணோடு போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அமைச்சுவாரியாக ஒதுக்கீட்டு விவாதம் நடக்கும்போது உறுப்பினர்கள் அப்படிப்பட்ட எண்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

எண் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் போடத் துடிக்காதீர்கள். ஊகத்தைத் தகவலாக எழுதினால், இணையவழிப் பொய்ச்செய்திக்கு எதிரான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் திருத்த உத்தரவு வரலாம். உங்கள் சரியான கேள்வியும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

துறைக்கு எழுதும்போது தொலைபேசியை நம்பாதீர்கள். மின்னஞ்சல்தான். தொலைபேசியில் நல்ல மாதிரிப் பேசுவார்கள், பிறகு யார் சொன்னார் என்று கேட்டால் தடயமே இருக்காது. பேசியே ஆக வேண்டியிருந்தால், முடிந்ததும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். "இது எங்கள் வேலை இல்லை, அங்கே கேளுங்கள்" என்று அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் விஷயத்தைப் பெற்றுக்கொண்ட அமைப்பே உரிய அமைப்புக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பது அரசாங்கச் சேவையின் சொந்தக் கொள்கை. அதை மரியாதையாக நினைவூட்டி, யாருக்கு அனுப்பினார்கள், குறிப்பு எண் என்ன என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்த அமைப்பின் சேவைத் தர மேலாளருக்கு எழுதுங்கள்.

நாடாளுமன்றத்தில் பதில் வந்த பிறகுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உறுப்பினர் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். நாடாளுமன்ற இணையத்தளத்தில், அவையில் பேசியதெல்லாம் பதிவாகும் அதிகாரத்துவ அறிக்கையைத் (Hansard) தேடி அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். "விதிவிலக்கான சூழ்நிலைகளில் நெகிழ்வு காட்டுகிறோம்" என்று அமைச்சர் சொல்லியிருந்தால், அந்த வரியையும் தேதியையும் மேலே எழுதி, கீழே உங்கள் சூழ்நிலையையும் சான்றுகளையும் வைத்து, புதிய மேல்முறையீட்டை அனுப்புங்கள். மறுபடி மறுத்தால், அமைச்சர் சொன்ன எந்த நிபந்தனை எனக்குப் பொருந்தவில்லை என்று எழுத்தில் கேளுங்கள்.