மூக்கைக் கவிழ்த்தால் அணைந்த மெர்லின்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளினால் இன்ஜின் நின்றுவிடுமாமே, நிஜமா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். நிஜம்தான். 1940-இல் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானிகள் தப்பிக்க இதையே நம்பினார்கள். அவர்கள் ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) முன்னே தள்ளிப் பாய்ந்துவிடுவார்கள். பின்னால் வரும் ஸ்பிட்ஃபயரும் அப்படிச் செய்தால் இன்ஜின் திணறும். எனவே பிரிட்டிஷ் விமானி முதலில் பாதி உருண்டு தலைகீழாகி, பிறகு ஸ்டிக்கை இழுத்துப் பாய வேண்டும். அதற்குள் எதிரி தூரம் போயிருப்பான்.

காரணம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயரின் இன்ஜின் ரோல்ஸ்-ராய்ஸ் செய்த மெர்லின். 27 லிட்டர், 12 சிலிண்டர் கொண்ட அதில் இருந்தது, பழைய பைக்குகளில் இருக்குமே, அதே மிதவைக் கார்புரேட்டர்தான். பெட்ரோல் மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், ஊசி வால்வு திறக்கும். மட்டம் ஏறினால் மூடும்.

மூக்கைத் தள்ளும்போது ஈர்ப்பு திசைமாறியதுபோல் ஆகிவிடும். மிதவை இருக்கும் அறையின் கூரைக்குப் பெட்ரோல் ஓடும். அடியில் உள்ள ஜெட்டுகளுக்கு (பெட்ரோல் வெளியேறும் நுண்துளைகள்) எரிபொருள் கிடைக்காது. இன்ஜின் ஒரு கணம் விக்கும். இது சிறிய தொல்லை. பெரிய தொல்லை அடுத்தது. பெட்ரோல் கூரையில் தேங்கினால், அதில் மிதப்பது எந்தப் பக்கம் போகும்? எதிர்ப்பக்கம், அதாவது தரைக்கு. மிதவை தரையில் இருந்தால் வால்வுக்கு ஒரே அர்த்தம்தான்: தொட்டி காலி. உடனே முழுசாகத் திறந்துவிடும். இன்ஜின் எரிப்பதைவிட அதிகமாகத் தள்ளக்கூடிய பம்பு, தடையே இல்லாமல் பெட்ரோலைக் கொட்டும். கலவை அளவுக்கு மீறித் தடித்து, கரும்புகை கக்கி, இன்ஜின் அணையும்.

மெஸ்ஸர்ஷ்மிட்டின் டிபி 601 இன்ஜின் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சியது, மிதவையே கிடையாது. ரோல்ஸ்-ராய்ஸ் ஏன் அதைச் செய்யவில்லை? அசட்டையால் அல்ல. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு முன்பே கலந்த பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சக்தி கூடும். அந்த லாபத்தை விட அவர்களுக்கு மனமில்லை.

தீர்வு ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங்கிடமிருந்து வந்தது. பந்தய பைக் ஓட்டியவர். கார்புரேட்டரின் குணம் அவருக்கு அத்துப்படி. மிதவையைத் திருத்த அவர் முயலவே இல்லை. பம்பிலிருந்து வரும் குழாயில், கார்புரேட்டருக்குச் சற்று முன்னால், நடுவில் துளையிட்ட ஒரு சிறிய உலோகத் தடுப்பைச் செருகினார். வால்வு எவ்வளவு திறந்தாலும், முழு வேகத்தில் இன்ஜின் எரிக்கும் அளவுக்குமேல் பெட்ரோல் உள்ளே வராது.

துளையின் அளவில்தான் சூட்சுமம். பெரிதானால் மறுபடி வெள்ளம்; சிறிதானால் முழு பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் அழுத்தம்) கலவை மெலிந்து, தட்டல் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து, பிஸ்டனே உருகலாம். அதனால் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு பூஸ்ட் இன்ஜினுக்கு ஓர் அளவு, 15 பவுண்டுக்கு வேறு அளவு. விமானத்தைப் பணிமனைக்கு அனுப்பாமல் ஓடுதளத்திலேயே மாட்ட முடிந்ததால், 1941 மார்ச்சுக்குள் இந்தத் தடுப்பு பிரிட்டனின் போர்விமானப் படை முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் முதல் விக்கல் போகவில்லை. தலைகீழாக நீண்ட நேரம் பறக்கவும் முடியாது. 1943-இல் மெர்லின் 66-இல் வந்த பெண்டிக்ஸ்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான் பெட்ரோலை அழுத்தத்தில் சூப்பர்சார்ஜர் வாயிலேயே தெளித்து, குளிர்ச்சியையும் விடாமல், மிதவையை மட்டும் ஒழித்தது.